அந்த முன்னோர் வாக்குக் கேட்டு வந்தால்

ஒரு நாட்டைத் தோற்றுவித்த பெருமக்களைப் பிற்காலத்தார் சிலையாக வடித்து நாற்சந்தியில் நிறுத்துகின்றனர். ஓவியமாக்கிப் பணத்தாளில் பொறிக்கின்றனர். சிலையானவர்க்கு ஒரு வசதி உண்டு. அவர் வாய் திறப்பதில்லை. ஆதலால் யாருடைய வாக்கையும் இழப்பதில்லை. அமெரிக்க நாட்டின் ஒரு டாலர் தாளில் ஜார்ஜ் வாஷிங்டன் உதடுகளை இறுக மூடியவாறு நம்மைப் பார்க்கின்றார். இரண்டு டாலர் தாளில் தாமஸ் ஜெபர்சன், பத்து டாலர் தாளில் அலெக்சாண்டர் ஹாமில்டன், நூறு டாலர் தாளில் பெஞ்சமின் பிராங்கிளின். இவர்களுள் பின்னிருவர் அந்நாட்டின் அதிபராக இருந்ததே இல்லை. பணத்தாளுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் அமெரிக்கத் தேர்தலைத் தவிர வேறு பேச்சில்லை. கமலா ஹாரிசின் தாயார் சியாமளா கோபாலன் ஒரு தமிழ்ப் பெண்மணி. தாய்வழிப் பாட்டனாரின் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். இவ்வுறவு நம்மவர்க்குப் போதாதா? அட்டவணை மறந்து, மணியோசை மறந்து, ஆசிரியர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டனர். அந்த ஆரவாரத்தின் நடுவே வரலாறு கற்பிக்கும் இளைய ஆசிரியர் ஒருவர், “ஐயா, இவர்களை விடுங்கள். அந்த ஜார்ஜ் வாஷிங்டனே திரும்பி வந்து நின்றாலும் இன்று தேறுவாரா?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தனர். மணியடித்தது; கலைந்தனர். அந்தக் கேள்வி மட்டும் என் மேசையின் மேல் தங்கிவிட்டது.

நான் வரலாற்று அறிஞன் அல்லேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில், 1787ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் கூடிய அரசியலமைப்பு மாநாட்டைப் பற்றிய ஒரு நூல் நூலகத்தின் மூலையில் கிடைத்தது. அன்றுதொட்டு அம்மனிதர்களைப் பற்றிக் கையில் அகப்பட்டதையெல்லாம் படித்து வருகின்றேன். படிக்கப் படிக்க, சிறுவயதில் என் ஆசிரியர் சொல்லித் தந்த வாஷிங்டன் மெல்ல மெல்ல மறைந்துபோனார். தந்தையின் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு ‘நான்தான் வெட்டினேன்’ என்று உண்மை பேசிய அந்தச் சிறுவன், வீம்ஸ் என்னும் பாதிரியார் வாஷிங்டன் மறைந்த பின்னர், 1806ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்த கதை மாந்தன். உண்மையின் மேன்மையை உணர்த்த ஒரு பொய்க்கதை! இதுவும் ஒருவகைத் தேர்தல் பரப்புரையே என்று சொல்லத் தோன்றுகின்றது.

ஆங்கிலேயர் தேர்தலில் ‘நிற்பதாக’ச் சொல்வர்; அமெரிக்கர் ‘ஓடுவதாக’ச் சொல்வர். தமிழர் நாமும் நிற்பவர்களே. அமெரிக்காவின் முதல் அதிபரோ ஓடவும் இல்லை. ஒரு பொருளில் நிற்கவும் இல்லை. தமக்கு வாக்களியுங்கள் என்று எவரிடமும் கேட்கவில்லை. மாநிலங்கள் தேர்ந்த தேர்வாளர்கள் தத்தம் மாநிலத்தில் கூடி வாக்களித்தனர். 1789ஆம் ஆண்டு அவர்கள் அறுபத்தொன்பதின்மரும் ஒருவர் விடாமல் வாஷிங்டனையே தேர்ந்தனர். 1792ஆம் ஆண்டும் அவ்வாறே நூற்று முப்பத்திருவரும் தேர்ந்தனர். செய்தி கேட்டு அவர் துள்ளிக் குதித்தாரா? இல்லை. கொலைக்களம் நோக்கி நடக்கும் குற்றவாளியின் மனநிலையே தமக்கு இருப்பதாக நண்பர் ஒருவர்க்கு எழுதினார். நிலம் நிறைய இருந்தும் கையில் பணமில்லாமையால் கடன் வாங்கிக்கொண்டு நியூயார்க் நகருக்குப் புறப்பட்டார். வழியெல்லாம் மலர் வளைவுகளும் ஆலய மணியோசையும் அவரை எதிர்கொண்டன. 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் கமலா ஹாரிஸ் அணியினர் திரட்டிய தொகை நூறு கோடி டாலரைத் தாண்டிற்று. கடன் வாங்கிப் பதவியேற்கப் போன மனிதரை அந்தத் தொகையின் அருகே நிறுத்திப் பார்க்கவே எனக்கு இயலவில்லை.

நின்றார் என்றே வைத்துக்கொள்வோம். முதலில் அவர் வாயைத் திறக்க வேண்டும். பதவியேற்ற நாளில் அவர் வாயில் இயற்கைப் பல் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருந்தது. மற்றவை நீர்யானைத் தந்தத்தாலும் மனிதப் பற்களாலும் உலோகத்தாலும் ஆன பொய்ப்பற்கள். மரப்பற்கள் என்று வழங்குவது கட்டுக்கதை. அவற்றைத் தாங்கிப் பிடிக்கவே உதடுகள் அப்படி இறுகிக் கிடந்தன. 1789 ஏப்ரல் 30ஆம் நாள் அவர் பதவியேற்புரை ஆற்றியபோது, பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் அஞ்சாத அந்தக் கை நடுங்கியதை அங்கிருந்த மெக்லே என்னும் செனட்டர் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கின்றார். இரண்டாம் முறை பதவியேற்றபோது அவர் ஆற்றிய உரையில் இருந்தவை 135 சொற்கள். நம் ஐந்தாம் ஆண்டு மாணவன் எழுதும் கட்டுரை அதனினும் நீண்டது! 1960 செப்டம்பர் 26ஆம் நாள் கென்னடியும் நிக்சனும் முதன்முதலாகத் தொலைக்காட்சியில் எதிரெதிர் நின்று வாதிட்டது முதல், முகத்தில் அரும்பும் வியர்வையும் கண்ணின் சோர்வும் வாக்குகளாக எண்ணப்படுகின்றன. அந்த ஒளிவெள்ளத்தில் வாஷிங்டன் முதல் வினாவுக்கு நெடுநேரம் பேசாமல் நின்றிருப்பார். நெறியாளர் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லியிருப்பார்.

ஆனால், அக்காலத்தவர் அனைவரும் மாசற்றோர், இக்காலத்தவர் அனைவரும் கயவர் என்று எவரேனும் சொன்னால் நான் உடன்படமாட்டேன். இதே வாஷிங்டன் 1758ஆம் ஆண்டு வெர்ஜினியாவின் சட்டமன்றத்துக்கு நின்றபோது, ஏறத்தாழ நானூறு வாக்காளர்க்கு நூறு காலனுக்கும் மேற்பட்ட ரம்மும் ஒயினும் பீரும் வழங்கப்பட்டன; செலவு அவருடையது. வென்றார். தேர்தல் நாளில் வாக்காளர்க்கு ஊற்றிக் கொடுப்பது அங்கு வழக்கமாகவே இருந்தது. அவ்வழக்கம் குடியரசுக்கு இழுக்கு என்று கருதிய ஓர் இளைஞர் 1777ஆம் ஆண்டு ஒரு துளியும் ஊற்ற மறுத்தார்; தோற்றார். அவர் பெயர் ஜேம்ஸ் மேடிசன். பத்து ஆண்டுகள் கழித்து அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தின் தந்தை என்று பெயர் பெறப் போகின்றவர் ஒரு குவளை மதுவுக்கு ஈடாகாமல் போனார்.

மேடிசனைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். அவர் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். அமெரிக்க அதிபர்களுள் அவரினும் குள்ளமானவர் இல்லை. மெலிந்த உடல், மெல்லிய குரல். அவையின் பின்வரிசைக்கு அவர் பேச்சு எட்டாது. 1787ஆம் ஆண்டு மாநாட்டில் அவர் முன்வரிசையில் அமர்ந்து, பேசினோர் பேச்சையெல்லாம் நாள்தோறும் குறித்துக்கொண்டார். அன்று அங்கு நடந்ததை நாம் இன்று இவ்வளவு விளக்கமாக அறிவதற்கு அக்குறிப்புகளே முதற்காரணம். ஜெபர்சனும் மேடைக்கு அஞ்சியவரே. முப்பத்து மூன்றாம் வயதில் விடுதலைப் பிரகடனத்தை எழுதிய கை அவருடையது. அந்தக் கைக்கு இருந்த ஆற்றல் தொண்டைக்கு இல்லை. வாஷிங்டனும் ஆடம்சும் நாடாளுமன்றத்துக்கு நேரில் சென்று ஆண்டறிக்கை வாசித்தனர். ஜெபர்சனோ 1801ஆம் ஆண்டு அதனை எழுதி அனுப்பிவிட்டார். மன்னராட்சியின் சாயல் வேண்டா என்பது அவர் சொன்ன காரணம். பேச்சென்றால் அவர்க்கு வேம்பு என்பது பலரும் கருதிய காரணம். எப்படியோ, 1913ஆம் ஆண்டு வுட்ரோ வில்சன் மாற்றும் வரை, நூறு ஆண்டுகளுக்கு மேலாக அமெரிக்க அதிபர்கள் ஆண்டறிக்கையை எழுதியே அனுப்பி வந்தனர். எழுத்துக்குக் கிடைத்த பெருவாழ்வு அது.

இங்கே என் தொழிலைப் பற்றிச் சிறிது கூறாமல் இருக்க முடியவில்லை. இருபது ஆண்டுகளாகத் தமிழ்ப்பள்ளிகளின் பேச்சுப்போட்டிகளுக்கு நடுவராகச் சென்று வருகின்றேன். குரல் ஏற்ற இறக்கத்துக்கு இத்தனை புள்ளி, முகபாவத்துக்கு இத்தனை, கருத்துக்கு இத்தனை என்று தாள் கொடுக்கின்றனர். ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை மாணவர் ஒப்பிக்கின்றனர் என்பது நமக்கெல்லாம் தெரிந்த செய்தி. இதை எண்ணி நாணவேண்டியதில்லை. வாஷிங்டன் 1796ஆம் ஆண்டு வெளியிட்ட விடைபெறு உரைக்கே முதல் வரைவு மேடிசனுடையது, இரண்டாம் வரைவு ஹாமில்டனுடையது. அவ்வுரையை வாஷிங்டன் எந்த மேடையிலும் ஆற்றவும் இல்லை. பிலடெல்பியா நாளேடு ஒன்றில் அச்சிட்டுவிட்டு ஓய்ந்தார். நான் நாணுவது வேறொன்றுக்காக. பேச்சுப்போட்டியில் வென்ற பிள்ளையையே நாம் மாணவர் தலைவராகவும் அமர்த்துகின்றோம். அவன்தான் சபைக்கூடலில் உறுதிமொழி வாசிப்பான், விருந்தினர் வந்தால் மாலையிட்டு வரவேற்பான் என்பது காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் மாணவர் தலைவர் தேர்வின்போது இரு பெயர்கள் வந்தன. ஒருவன் நாவன்மை மிக்கவன். மாவட்ட அளவில் கோப்பை வாங்கியவன். மற்றொருத்தி எதிரே வந்தால் வணக்கத்தைக்கூட வாய்க்குள் சொல்பவள். ஆனால், நூலக நேரத்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் அவளைத்தான் மொய்த்துக்கொண்டிருப்பர். சிற்றுண்டிச் சாலையில் இருவர் சண்டையிட்டால் அவள் போய் நடுவே நின்றாலே போதும். கூட்டத்தில் ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரே குரலாக, “நாலு பேர் முன்னால் பேசத் தெரியாத பிள்ளை எப்படித் தலைமை தாங்கும்?” என்றனர். நான் மேடிசனின் உயரத்தைச் சொன்னேன். பலருக்கு அது விளங்கவில்லை. தலைமையாசிரியர் ஏதோ படித்துவிட்டுப் பேசுகின்றார் என்று விட்டுவிட்டனர். பிறகு, நம்மவர்க்கு நெருக்கமான ஒன்றைச் சொன்னேன். திருவள்ளுவர் சொல்வன்மை என்னும் அதிகாரத்தை எங்கே வைத்தார்? அரசனைப் பற்றிய அரசியலின் இருபத்தைந்து அதிகாரங்களுள் அது இல்லை. அமைச்சியலில், அறுபத்தைந்தாம் அதிகாரமாக வைத்தார். அரசனுக்கு இன்சொல் வேண்டும் என்றதோடு நிறுத்திக்கொண்டார். சொல்வன்மையை அடுத்து என்ன வைத்தார்? வினைத்தூய்மை. அதனை அடுத்து? வினைத்திட்பம். கூட்டம் சற்று அமைதியாயிற்று. அவ்வாண்டு அந்த மாணவியே தலைவியானாள். உறுதிமொழியைப் பையன் வாசித்தான். இம்முறை சரியா என்பதில் எங்கள் ஆசிரியர்க்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பெற்றோர் ஒருவர் என்மீது மனத்தாங்கலோடு இருக்கின்றார்.

பல்லும் குரலும் உயரமும் ஒருபுறம் இருக்கட்டும். வசைக்கு அம்முன்னோர் தாங்குவரா என்று சிலர் ஐயுறலாம். அந்த ஐயமே வேண்டா. ஜெபர்சன் வெளியுறவுச் செயலாளராக இருந்துகொண்டே, தம் துறையில் ஆண்டுக்கு 250 டாலர் சம்பளத்தில் பிரெனோ என்னும் கவிஞரை மொழிபெயர்ப்பாளராக அமர்த்தினார். அந்தக் கவிஞரோ செய்தியேடு நடத்தித் தம் துறைத் தலைவர் பங்கு பெற்ற அதே ஆட்சியைத் தாக்கினார். பிராங்கிளினின் பேரர் பேச் என்பார் நடத்திய ஏடு வாஷிங்டனையே வசைபாடியது. காலண்டர் என்னும் எழுத்தாளர் ஜெபர்சனிடம் பணவுதவி பெற்று ஜான் ஆடம்சை இழித்து எழுதினார், சிறை சென்றார், வெளியே வந்தபின் எதிர்பார்த்த பதவி கிடைக்கவில்லை என்று 1802ஆம் ஆண்டு ஜெபர்சன் மீதே திரும்பினார். ஹாமில்டன் 1797ஆம் ஆண்டு, அரசுப் பணத்தில் கைவைத்தார் என்னும் பழியிலிருந்து தப்ப, தம் கள்ள உறவைத் தாமே சிறுநூலாக அச்சிட்டு ஒப்புக்கொண்டார். பணத்தில் தூய்மை காக்க மனையாளின் மானத்தைத் தெருவில் வைத்த அந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அன்றைய வசை குதிரைமேல் ஏறி ஒரு மாநிலத்திலிருந்து மறு மாநிலம் போய்ச் சேரச் சில நாள்கள் பிடிக்கும். அதற்குள் கோபம் ஆறும். இன்று கைப்பேசியில் நொடிப்பொழுதில் போகின்றது. வேறுபாடு அவ்வளவே.

இனி, அவர்கள் தோற்க வேண்டியவர்களாகவே நிற்கும் இடத்துக்கு வருகின்றேன்.

என் பாட்டனார் கங்காணியின் வாய்மொழியை நம்பிக் கப்பலேறியவர். என் தந்தையார் பால்மரம் சீவியவர். வைகறையில் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் அழைக்கப்படும்போது குரல் கொடுத்தவர்கள். அவர்கள் அடிமைகள் அல்லர், கூலி பெற்றனர், மரத்தை விட்டு, தோட்டத்தை விட்டு வெளியேறும் உரிமை சட்டப்படியேனும் இருந்தது. இரண்டையும் ஒன்றென்று கூறுவது அடிமைப்பட்டோர்க்கு இழைக்கும் அநீதியாகும். ஆயினும், தோட்டத்துச் செக்ரோலில் பாட்டனாரின் பெயரைக் கண்டவன் நான். ஆகவே பெயர்ப்பட்டியல் என்றால் என் கண் நின்றுவிடும். ஜெபர்சன் தம் பண்ணைக்கென ஓர் ஏடு வைத்திருந்தார். அதில் மனிதர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. இன்னார்க்கு இவ்வளவு துணி, இன்னார்க்குப் போர்வை என்று அழகிய கையெழுத்தில் இருக்கின்றது. மாந்தர் யாவரும் நிகராகப் படைக்கப்பட்டனர் என்னும் கருத்தை உலகுக்கு எழுதிய அதே கை. தம் வாழ்நாளில் அவர் உடைமையாக வைத்திருந்த மனிதர்கள் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஒருவரான சாலி ஹெமிங்ஸ் என்னும் பெண்ணிடம் அவருக்குப் பிள்ளைகள் உண்டு என்று காலண்டர் எழுதியதை நெடுங்காலம் அவதூறு என்றே தள்ளினர். 1998ஆம் ஆண்டு நடந்த மரபணு ஆய்வுக்குப் பின் வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் அதனை ஏற்கின்றனர்.

வாஷிங்டனின் மௌண்ட் வெர்னன் பண்ணையில் 1799ஆம் ஆண்டு 317 அடிமைகள் இருந்தனர். அவர்களுள் தமக்குரியவர்களை விடுவிக்கும்படி உயில் எழுதிவைத்தார். அது ஜெபர்சன் செய்யாதது. ஆனால், 1784ஆம் ஆண்டுக்குரிய அவர் கணக்கேட்டில், அடிமைகளிடம் ஒன்பது பற்கள் வாங்கியதற்குக் கொடுத்த பணமும் எழுதப்பட்டிருக்கின்றது. அப்பற்கள் யார் வாயில் பொருத்தப்பட்டன என்பதை அந்தக் கணக்கேடு சொல்லவில்லை. பணத்தாளின் அந்த மூடிய உதடுகளை நான் முன்போல் பார்க்க முடியாமல் போனது இதைப் படித்த நாள்முதலாகத்தான்.

ஓனா ஜட்ஜ் என்னும் பெண்ணை நம் மாணவர்க்குச் சொல்ல வேண்டும். வாஷிங்டனின் மனைவிக்குப் பணிவிடை செய்த இளம்பெண். 1796ஆம் ஆண்டு, பிலடெல்பியாவில் அதிபரின் இல்லத்தார் உணவருந்திக்கொண்டிருந்த வேளையில் வெளியேறிக் கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக்குத் தப்பிவிட்டாள். நாட்டின் தந்தை அவளை மீட்க ஆளனுப்பினார். அவள் திரும்ப மறுத்தாள், வறுமையில் உழன்றாள், ஆயினும் 1848ஆம் ஆண்டு இறக்கும் வரை அம்மாநிலத்திலேயே, யாருக்கும் உடைமையாகாமல் வாழ்ந்தாள். முதுமையில் செய்தியேட்டார் வந்து கேட்டபோது தன் கதையைத் தானே சொன்னாள். அதே நியூ ஹாம்ப்ஷயர்தான் பிற்காலத்தில் அதிபர் வேட்பாளர்கள் ஆண்டுத் தொடக்கத்துப் பனியில் முதன்முதலாக வந்து கைகுலுக்கி வாக்குக் கேட்கும் மாநிலமாயிற்று. வாஷிங்டன் அங்கே ஒரு சிற்றுண்டிக் கடைக்குள் நுழைந்திருந்தால், முதல் மேசையில் அமர்ந்திருப்பவர் ஓனா எங்கே என்று கேட்டிருப்பார். அந்த வினாவுக்கு 135 சொற்களும் போதா. அவ்விடத்தில் அவர் தோற்றிருந்தால் அது தொலைக்காட்சியின் குற்றமும் அன்று, காலத்தின் சீர்கேடும் அன்று.

வாக்களித்தோர் யார் என்பதையும் பாருங்கள். அறுபத்தொன்பது தேர்வாளரும் ஒருமனத்தினர் என்று மேலே எழுதினேன். அவர்களைத் தேர்ந்தவர் பெரும்பாலும் சொத்துடைய வெள்ளை ஆடவர். ஜான் ஆடம்சின் மனைவி அபிகேல், புதிய சட்டங்களில் பெண்களை மறந்துவிடவேண்டா என்று 1776ஆம் ஆண்டே கணவர்க்கு எழுதினார். ஆடம்ஸ் அதனை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார். பெண்களின் வாக்குரிமை அரசியலமைப்பில் இடம்பெற்றது 1920ஆம் ஆண்டு. கறுப்பின ஆடவர்க்கு 1870ஆம் ஆண்டு தாளில் கிடைத்த உரிமை தென்மாநிலங்களில் மெய்யாக நடைமுறைக்கு வர 1965ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது. 2024ஆம் ஆண்டு எங்கள் ஆசிரியர் அறையில் விவாதப் பொருளாக இருந்த அந்த வேட்பாளர், வாஷிங்டன் காலத்தில் வேட்பாளராவது இருக்கட்டும், வாக்குச்சாவடியின் வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது. அன்றைய ஒருமனப்பாட்டை ஏக்கத்தோடு பேசுவோர் இதனை எண்ண வேண்டும்.

அம்முன்னோருள் இன்று எவர்தாம் வெல்வார் என்றால், என் விடை பலர்க்குப் பிடிக்காது. ஆரன் பர். 1800ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் வாக்காளர்களின் பெயர்களையெல்லாம் பட்டியலிட்டு, யார் எப்பக்கம், யாரிடம் நன்கொடை கேட்கலாம் என்று குறித்து, வீடுதோறும் ஆளனுப்பி, தாமே களத்தில் இறங்கி உழைத்தவர் அவர். பிறர் கீழ்மை என்று கருதியதை அவர் தொழிலாகச் செய்தார். அவ்வாண்டு அவரும் ஜெபர்சனும் ஆளுக்கு 73 தேர்வாளர் வாக்குகள் பெற்றுச் சமமாயினர். நாட்டின் மக்களவை முப்பத்தாறு முறை வாக்கெடுத்து, 1801 பிப்ரவரி 17ஆம் நாள்தான் ஜெபர்சனைத் தேர்ந்தது. ஜெபர்சனைப் பகையாக எண்ணிய ஹாமில்டனே, கொள்கையில் தவறுடையவர் கொள்கையே இல்லாதவரினும் மேல் என்னும் கருத்தில் ஜெபர்சனை ஆதரித்துக் கடிதங்கள் எழுதினார். மூன்றாண்டுகள் கழித்து, 1804 ஜூலை 11ஆம் நாள், பர் அவரை ஒற்றைக்கொற்றைத் துப்பாக்கிச் சண்டையில் சுட்டார். மறுநாள் ஹாமில்டன் இறந்தார். சுட்டவர் அப்போது பதவியிலிருந்த துணை அதிபர்!

பிராங்கிளினைப் பற்றி ஒன்று. 1787ஆம் ஆண்டு மாநாட்டில் அவர்க்கு அகவை எண்பத்தொன்று. நோயின் மிகுதியால் பல்லக்கில் தூக்கிவரப்பட்டதும் உண்டு. 2024 ஜூன் 27ஆம் நாள் தொலைக்காட்சி விவாத மேடையில் தடுமாறிய ஜோ பைடனுக்கும் அகவை எண்பத்தொன்றே; ஒரு திங்களுக்குள் அவர் போட்டியிலிருந்து விலகினார். பிராங்கிளினுக்கு அந்த நிலை வரவில்லை. மாநாட்டின் இறுதி நாளான செப்டம்பர் 17 அன்று அவர் எழுதிவந்த உரையை உடன் வந்த ஒருவர் வாசித்தார். இச்சட்டத்தில் தமக்கு உடன்பாடில்லாத பகுதிகள் உண்டு. ஆனால், நெடுங்காலம் வாழ்ந்தமையால், உறுதியாக நம்பிய பலவற்றில் பின்னர்க் கருத்தை மாற்றிக்கொண்ட பட்டறிவும் தமக்கு உண்டு. ஆகவே குறைகளோடு இதனை ஏற்கின்றேன். ஒவ்வொருவரும் தம் பிழையாமையைச் சற்றே ஐயுற்றுக் கையொப்பமிடுக — அதன் கருத்து இதுவே.

இன்றைய மேடையில் விடை சொல்ல இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு வேட்பாளர், ‘நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம்’ என்று ஒரே ஒருமுறை சொல்லட்டும். மறுநாள் எதிர்க்கட்சியார் அந்தத் துண்டை மட்டும் வெட்டி நாடெங்கும் ஒளிபரப்புவர். பல் இல்லாமையைப் பல் மருத்துவர் சீர்செய்துவிடலாம். குள்ளமானவர்க்கு மேடைக்குப் பின்னால் பலகை போடலாம். மெல்லிய குரலுக்கு ஒலிபெருக்கி உண்டு. ஐயுறுவதற்கு மட்டும் இன்றைய தேர்தலில் இடமில்லை. எனக்குப் பெரிதாகப் படுவது இதுவே. வகுப்பிலும் அப்படித்தான் இருக்கின்றது. ‘தெரியவில்லை, ஐயா’ என்று சொல்லும் மாணவனைப் பார்த்து மற்றவர் சிரிக்கின்றனர். சிரித்தவர்களுக்கும் தெரியாது.

இன்னொன்று, விலகிச் செல்லுதல். வாஷிங்டன் இருமுறையோடு நிறுத்திக்கொண்டார். அவ்வாறு செய்ய வேண்டுமென்று அன்று சட்டம் இல்லை. பிராங்கிளின் ரூஸ்வெல்ட் நான்கு முறை வென்றபின், 1951ஆம் ஆண்டுதான் அது சட்டமாயிற்று. ஜான் ஆடம்ஸ் 1800ஆம் ஆண்டு தோற்றார். தமக்குப் பெரும்பழி வரும் என்று அறிந்தே பிரான்சு நாட்டோடு போர் மூளாமல் தடுத்தவர் அவர். அந்நற்செயலுக்கு வாக்குக் கிடைக்கவில்லை. 1801 மார்ச் 4ஆம் நாள், ஜெபர்சன் பதவியேற்கும் விழாவைக் காணப் பிடிக்காமல், விடியுமுன் நான்கு மணிக்கே வண்டியேறி ஊருக்குப் போய்விட்டார். பண்பான செயல் அன்று. ஆனால், போனார். படையை அழைக்கவில்லை; கூட்டத்தைக் கூட்டவில்லை. 2021 ஜனவரி 6ஆம் நாள் அந்நாட்டு நாடாளுமன்றக் கட்டடத்தில் நிகழ்ந்தவற்றைத் தொலைக்காட்சியில் பார்த்த பின்னர், அந்த முன்கோபக்காரக் கிழவரின் விடியற்காலைப் பயணத்தின் மீது எனக்கு மதிப்புக் கூடியிருக்கின்றது.

அந்த இளைய ஆசிரியர் சென்ற திங்கள் என்னிடம், “அப்படியானால் மாணவர்க்கு இவர்களைப் பற்றி என்னதான் சொல்வது? உயர்ந்தவர்கள் என்றா, இல்லை என்றா?” என்று கேட்டார். பண்ணை ஏட்டையும் சொல்லுங்கள், பிரகடனத்தையும் சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைக்காதீர்கள் என்றேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அது பெரிய சுமை என்றார் அவர். இருக்கலாம். சுமையை எந்த வயதில் தூக்கச் சொல்வது என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால், அவர்களுக்கு இப்போதே சொல்லத்தக்க ஒரு கதை என்னிடம் உண்டு என்று இதைச் சொன்னேன்.

1789ஆம் ஆண்டின் தொடக்கம். முதல் மக்களவையில் ஓர் இடத்துக்கு மேடிசனும் ஜேம்ஸ் மன்றோவும் எதிரெதிராக நின்றனர். இருவரும் நண்பர்கள், இருவரும் பிற்காலத்தில் அடுத்தடுத்து அதிபரானவர்கள். தொகுதி பரந்தது, கடுங்குளிர். ஊர் ஊராக இருவரும் சேர்ந்தே பயணம் செய்து, ஒரே கூட்டத்தின் முன் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசினர். ஜெர்மானிய மரபினர் நிறைந்த ஓர் ஊரில் தேவாலய வழிபாடு முடிந்ததும், பிடில் இசைக்குப் பின், மக்கள் பனியில் நின்றவாறே இவர்கள் இருவரின் வாதத்தையும் நெடுநேரம் கேட்டனர். குள்ளமான மேடிசனின் அந்த மெல்லிய குரலைக் கேட்க அவர்கள் நெருங்கித்தான் நின்றிருக்க வேண்டும். வாதம் முடிந்தது. இரவில் பன்னிரண்டு மைல் குதிரையேறிச் சென்றதில் குளிர் தாக்கி மேடிசனின் மூக்கில் புண்ணாயிற்று. தேர்தலில் 1308 வாக்குகள் மேடிசனுக்கு, 972 மன்றோவுக்கு. நட்பு குலையவில்லை, 1811ஆம் ஆண்டு மேடிசன் அதிபராக இருந்தபோது மன்றோவைத்தான் தம் வெளியுறவுச் செயலாளராக அழைத்துக்கொண்டார். முதுமையில் தம்மைக் காண வந்தவர்க்கு அந்தத் தேர்தலைப் பற்றிச் சொல்லும்போது, மூக்கில் அந்தப் பனி விட்டுச்சென்ற வடு இன்னும் இருக்கின்றது என்றார் மேடிசன்.